படிக்கட்டுக்கு ஒரு மெத்தை

ஆசிரியர் பயிற்சி நிலையத்தின் குழந்தை இலக்கியப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் எழுத்தாளர் கதையம்மா அவர்களுக்கு உடன் பணியாற்றியோர் உவந்து அளிக்கும் மடல்

மேகத்துக்கு மூக்கு வரைந்தவரே! மேசைக்கு அடியில் ஒரு பெருங்கடலை மடித்து வைத்தவரே! எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் ஏட்டைத் திறந்தவுடன் ஏதோ ஒன்றைக் கண்டு சிரிக்கும்படி எழுதியவரே! பாடம் நடத்தி நடத்திப் பாட்டையே மறந்துபோன ஆசிரியப் பெருமக்களின் நாவிலே மறுபடியும் பாட்டை ஏற்றிவைத்த பண்பாளரே! எங்கள் கதையம்மா அவர்களே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு பொருட்காப்பாளனாகிய என்மேல் விழுந்தது. இருபத்து மூன்று அலமாரிச் சாவிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவதால் 'பூட்டையா' என்று தாங்கள் பெயர் சூட்டிய அதே ஆள்தான். அழகாக எழுதத் தெரிந்தவர்கள் இங்கே பலர் இருக்க, என் தலையில் இது ஏன் கட்டப்பட்டது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை நடுவில் சொல்கிறேன். அதுவரை முறைப்படி புகழ்ந்துகொண்டே வருகிறேன். தாங்களும் கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்னர், மழை விட்டும் விடாததுமான ஒரு முற்பகலில், கையிலே ஒரு தகரப் பெட்டியும் கண்ணிலே பாதித் தூக்கமுமாகத் தாங்கள் இந்நிலையத்தின் வாசலில் வந்து நின்றீர்கள். பெட்டிக்குள் என்ன என்று கேட்டேன். உள்ளே வருகின்ற பொருள் எதுவானாலும் கேட்பது என் வேலை. "ஒரு யானை, ரெண்டு நிலா, கொஞ்சம் மழை" என்றீர்கள். இதைப் பதிவேட்டில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று அன்று குழம்பியவன், இன்றுவரை தெளியவில்லை.

மாடியில், வடக்கு பார்த்த நீண்ட அறையைத் தங்களுக்குக் கொடுத்தார்கள். வந்த வாரமே அங்கிருந்த நாற்காலிகள் அத்தனையையும் வெளியேற்றினீர்கள். நாற்காலி இல்லாமல் ஆசிரியர்கள் எங்கே உட்காருவார்கள் என்று நான் பதறியபோது, "பிள்ளைங்க உட்கார்ற இடத்துலதான்" என்று தரையைக் காட்டினீர்கள். தங்களுக்கென்று ஒரு குட்டை முக்காலியை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். சனிக்கிழமைதோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு, ஊரின் நாலா பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியபடி விரிப்பில் அமர்வார்கள். வாரம் முழுக்க அதட்டி அதட்டிக் கரகரத்துப்போன தொண்டைகள். சாக்கட்டித் தூள் அப்பிய விரல்கள். ஜன்னல் திரைகள் ஊதி ஊதி அடங்கும். பாதிப் பேருக்குக் கண் சொக்கும். அப்போது தாங்கள் ஒரு படப்புத்தகத்தை நெஞ்சுயரத்தில் விரித்துப் பிடிப்பீர்கள். ஒரு வார்த்தையும் பேசமாட்டீர்கள்.

முதல் சுற்று கண்ணுக்கு, இரண்டாம் சுற்று காதுக்கு, மூன்றாம் சுற்று வாய்க்கு என்பது தாங்கள் வகுத்த முறை. முதல் சுற்றில் படம் மட்டும் புரளும். இரண்டாவதில் தங்கள் குரல் வரும். மூன்றாவதில் அறுபது பேரும் சேர்ந்து சொல்வார்கள். கணக்கு வாத்தியார்களும் கண்டிப்புக்குப் பேர்போன தலைமையாசிரியைகளும் தவளைபோலக் கத்தியதையும், மழைபோல விரல் தட்டியதையும் நாங்கள் கண்ணாரக் கண்டோம். யாராவது தப்பித்தவறி "இந்தக் கதையிலேர்ந்து நாம கத்துக்கிற நீதி என்னம்மா?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. அவர் எழுந்துபோய் ஜன்னலருகே நின்று, ஒரு பாட்டு பாடி முடியும் நேரம் மேகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும்! அப்படி அனுப்பப்பட்ட பெரிய மீசைக்காரத் தலைமையாசிரியர் ஒருவர், பாட்டு முடிந்தும் திரும்பவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவரைத் தேநீருக்கு அழைத்தபோது, "கொஞ்சம் இருங்க, அது இப்பதான் ஆடா மாறுது" என்றார். அதன்பின் அவர் பள்ளியில் நீதி கேட்கும் வழக்கமே ஒழிந்துபோனதாகக் கேள்வி.

தங்களின் பெருமைகளிலெல்லாம் பெரிய பெருமையும், எனக்கு நேர்ந்த தலைவலிகளிலெல்லாம் பெரிய தலைவலியும் ஒன்றே. அதுதான் அழுக்குச் சட்டம்! இரவல் போன புத்தகம் கிழியாமல், கசங்காமல், கறைபடாமல் திரும்பி வர வேண்டும் என்பது என் தொழிலின் வேதம். தாங்களோ திரும்பி வரும் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பக்கம் பக்கமாகப் பார்ப்பீர்கள். விரல் ரேகை இல்லை, எச்சில் தொட்டுப் புரட்டிய ஓரம் இல்லை, பென்சில் கிறுக்கல் இல்லை என்றால் முகம் வாடிவிடும். "சுத்தமா இருக்கே டீச்சர். அப்ப யாரும் தொடல. எடுத்துட்டுப் போங்க, அழுக்காக்கிட்டுக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள். நான் நெகிழி உறை போட்டால் தாங்கள் கழற்றுவீர்கள். தாங்கள் கழற்றினால் நான் போடுவேன். எலியும் பூனையுமாக நாம் இருவரும் இருந்த அந்த ஆண்டுகளில், தங்கள் இருபத்திரண்டு நூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறி, ஒன்றன்பின் ஒன்றாக அழுக்காயின.

'நமக்கெதற்குக் குழந்தைக் கதை' என்று நான் எல்லோரிடமும் வீறாப்பாகச் சொல்லி வந்தேன். ஆனால் என் அறைக்கும் தங்கள் அறைக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. சனிக்கிழமை பிற்பகல்களில் பதிவேட்டின்மேல் தலை சாய்த்தபடி, முப்பத்தொரு ஆண்டுகளாக அத்தனையையும் கேட்டிருக்கிறேன். பாதி கேட்டது, பாதி கனவில் வந்தது. எது எந்தப் பாதி என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

இனி அந்தக் காரணத்துக்கு வருகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்தருள்க.

ஒரு நூல் அச்சுக்குப் போகும் முன், அதைக் கையாலேயே வரைந்து, கையாலேயே எழுதி, கையாலேயே தைத்து, ஆசிரியர்களிடம் கொடுத்து வகுப்புகளில் உலவவிடுவது தங்கள் வழக்கம். பிள்ளைகள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று கேட்டறிந்த பிறகுதான் அச்சகம். அப்படிப் பிறந்ததுதான் 'தூக்கம் வராத படிக்கட்டு'. நாள் முழுக்க மிதிபட்ட ஒரு மரப் படிக்கட்டு, வீட்டில் எல்லோரும் உறங்கியபின் மெல்லக் கழன்று, தனக்கு ஒரு படுக்கை தேடி வெளியே நடந்து போகும் கதை.

ஏறும் கால்கள் எத்தனை!
இறங்கும் கால்கள் எத்தனை!
எல்லாக் காலும் தூங்கியாச்சு,
எனக்கு எங்கே மெத்தை?

அந்தப் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. "அது எங்க போய்த் தூங்குச்சுன்னு எனக்கே தெரியல. பிள்ளைங்க சொல்லட்டும், அப்புறம் வரையலாம்" என்று சொல்லியே அனுப்பினீர்கள். மூன்றாண்டுகள் அது பள்ளி பள்ளியாகச் சுற்றியது. பிள்ளைகள் சொன்ன பதில்களைப் பின்னட்டையின் உட்புறத்தில் பொடியெழுத்தில் குறித்து வந்தீர்கள். வெளியே போகாத வாரங்களில் அதை என் ஏழாம் அலமாரியின் அடித்தட்டில் வைத்தீர்கள். "பூட்டையா அலமாரியவிடப் பத்திரமான இடம் உலகத்துலயே இல்ல" என்று தாங்கள் நம் நிலைய ஓட்டுநரிடம் சொன்னதாகப் பின்னாளில் அறிந்தேன். அறிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன், சுண்ணாம்பு அடிப்பதற்காக அலமாரிகளை ஒழிக்கச் சொன்னார்கள். ஒரு புதன்கிழமை அடித்தட்டில் பழுப்புத் தாள் சுற்றிய ஒரு புத்தகத்தைக் கண்டேன். ஓரங்கள் நைந்து, ஒரு மூலையில் பல் பதிந்து, அட்டையெல்லாம் கைரேகை. நிலையத்தின் எண் இல்லை. அச்சகத்தின் பெயர் இல்லை. கடைசிப் பக்கமும் இல்லை. கழிவுப் பட்டியலில் 'காரணம்' என்ற இடத்தில் இந்த மூன்று 'இல்லை'களையும் வரிசையாக எழுதி, பழைய படிவக் கட்டுகளோடு சேர்த்துக் கழிவுத் தாள் வண்டியில் ஏற்றிவிட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளாகத் தங்கள் பக்கத்து அறையில் இருந்தும், அழுக்கான புத்தகம் என்றால் என்னவென்று எனக்கு ஏறவில்லை. என் கண்ணுக்கு அது குப்பையாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை வந்தீர்கள். அடித்தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணு வச்சிருந்தேனே, பழுப்பு அட்டை" என்றீர்கள். அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நம்பர் இல்லாத எதுவும் இந்த அலமாரியில இருக்காதும்மா" என்றேன். பொய்யில்லாத பொய்! "அப்ப பஸ்ஸுலதான் விட்டிருக்கேன்" என்றீர்கள். அந்தப் பேருந்தில் நானும் தொற்றிக்கொண்டேன். ஆறு ஆண்டுகள் இறங்கவில்லை.

அன்று மாலையே கழிவுத் தாள் கிடங்குக்கு ஓடினேன். எல்லாம் கூழாகிவிட்டது என்று கையை விரித்தார்கள். தாங்களோ நான்கு வாரங்கள் பேருந்து நிலையத்தின் தொலைந்த பொருள் அறைக்கு நடந்தீர்கள். நான்காம் வாரம் அங்கிருந்தவர் மனம் கேளாமல், யாரோ விட்டுப்போன ஒரு கறுப்புக் குடையைத் தங்கள் கையில் கொடுத்து, "இதையாவது வச்சுக்கங்கம்மா" என்று அனுப்பினார். அக்குடை தங்கள் அறைக் கொக்கியில் தொங்கியது. உள்ளே வரும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். மழை பெய்த நாட்களிலும் அதை யாரும் விரித்ததில்லை.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகள் நடந்தன. பாட்டுகள் ஒலித்தன. ஆனால் கையால் தைத்த புத்தகம் ஒன்றுகூட அந்த அறையிலிருந்து வெளியே போகவில்லை. "புதுசா ஒண்ணும் செய்யலையாம்மா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். "என் கையை நம்ப முடியலம்மா. செஞ்சா எங்கயாவது தொலைச்சிருவேன்" என்பீர்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை முறை கேட்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். தொலைத்த கை என்னுடையது, அம்மா. தங்களுடையது அல்ல. இதை அறுபது பேர் முன்னிலையில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அலுவலர்கள் ஒருமனதாக இம்மடலை என்னிடம் எழுதக் கொடுத்தார்கள்.

அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியை என் மேசைக்கு வந்து, "அந்தப் படிக்கட்டுப் புத்தகம் இருக்கா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பரவால்ல, எனக்கு மனப்பாடம்தான். படத்தை மட்டும் இன்னொரு தரம் பார்க்கலாம்னு" என்றவர், நின்ற இடத்திலேயே முழுக் கதையையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் பயந்துபோய்த் தட்டச்சரைக் கூப்பிட, தட்டச்சர் ஓவியரைக் கூப்பிட, எல்லோர் முன்னிலையிலும் கக்கிவிட்டேன். ஓவியர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அட்டை என்ன நிறம்னு ஞாபகம் இருக்கா?" என்றார்.

அன்று தொடங்கியது. புத்தகம் திருப்பித் தர வந்த ஒவ்வோர் ஆசிரியரையும் மறித்து, "படிக்கட்டு தெரியுமா?" என்று கேட்டேன். இரவல் சீட்டுகளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். இருபத்தேழு பேர் சொன்னார்கள். படிக்கட்டு முதலில் கதவைக் கேட்டது, பிறகு தோட்டத்துப் பூனையைக் கேட்டது என்பதுவரை ஒற்றுமை. நாலாம் பக்கத்தில் அது பேசியது கிணற்றோடு என்று சிலரும், தெருவிளக்கோடு என்று சிலரும் அடித்துப் பேசினார்கள். தங்களிடம் கேட்க வழியில்லாததால் வாக்கெடுப்பு நடத்தினோம், விளக்கு வென்றது. தங்களை வண்டியில் பள்ளிகளுக்கு அழைத்துப்போன ஓட்டுநர், வழியில் தாங்கள் வாசித்ததைத் தங்கள் குரலிலேயே நடித்துக் காட்டினார். தட்டச்சர் எழுத்துகளைக் கையால் எழுதினார். இயந்திரத்தைத் தொட மாட்டேன் என்று அடம். ஓவியர் வரைந்தார். தைத்தது நான். ஊசி குத்திய இடங்கள் எண்ணிலடங்கா.

செய்து முடித்துப் பார்த்தால், புத்தகம் பளிச்சென்று இருந்தது. தங்கள் சட்டம் நினைவுக்கு வந்தது. எனவே ஏழு பள்ளிகளுக்கு, பள்ளிக்கு ஒரு வாரமாக அனுப்பினோம். நேற்று முன்தினம் திரும்பியது. அதை வெளிச்சத்தில் பிடித்து, வாழ்வில் முதன்முறையாக அழுக்கைத் தேடினேன். இரண்டாம் பக்கத்தில் கட்டைவிரல். ஐந்தில் ஏதோ கொட்டிய வட்டம். படிக்கட்டுக்கு யாரோ மீசை வரைந்திருக்கிறார்கள். மூலையில், நம்பினால் நம்புங்கள், பல் பதிந்திருக்கிறது!

கடைசிப் பக்கத்தை நாங்கள் செய்யவில்லை, அது தங்களுடையது. அதற்குப் பதிலாக, எல்லாப் புத்தகங்களுக்கும் ஒட்டுவதுபோலப் பின்னட்டையில் ஓர் இரவல் சீட்டுப் பையை ஒட்டி, பழைய பிள்ளைகள் சொன்னதாக ஆசிரியர்கள் நினைவுகூர்ந்த பதில்களையும் புதிய பிள்ளைகள் சொன்ன பதில்களையும் அதற்குள் வைத்திருக்கிறோம். நாற்பத்து மூன்று சீட்டுகள். ஒன்றில், "எங்க டீச்சர் மேசைக்கு அடியில தூங்குச்சு." இன்னொன்றில், "அது படுத்துக்கிச்சு. படுத்ததும் ஒவ்வொரு படியும் ஒரு கட்டில் ஆயிடுச்சு. நாங்க எல்லாரும் ஏறிப் படுத்துக்கிட்டோம்." மற்றொன்றில், "அது தூங்காது. எங்கம்மா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் முழிச்சிருக்கும். இருட்டுல அம்மா தடுக்கி விழக்கூடாதுல்ல." மீதியைத் தாங்களே படித்துக்கொள்ளுங்கள். இப்புத்தகத்துக்கு நான் எண் போடவில்லை. திருப்பித் தர வேண்டிய நாள் என்ற இடத்தையும் வெறுமையாக விட்டிருக்கிறேன். என் பணிக்காலத்தில் இது முதல் தடவை.

மன்னிப்பைக் கேட்கத்தான் முடியும், கேட்கிறேன். தருவதும் தராததும் தங்கள் விருப்பம். ஆனால் தங்கள் கையை மட்டும் இனிச் சந்தேகிக்காதீர்கள். அது எதையும் தொலைக்கவில்லை.

கனவிலும் கதை சுமந்தவரே! தங்கள் முழங்கால்கள் தரையில் அமர்ந்தெழ என்றும் இசையட்டும்! மூக்குக் கண்ணாடி தேடிய இடத்தில் கிடைக்கட்டும்! பிற்பகல் தூக்கம் தங்களை அலாரம் இல்லாமல் எழுப்பிவிடட்டும்! பல்லாண்டு தாங்கள் நலமாய் இருந்து, பல நூறு பிள்ளைகள் கடித்துப் பார்க்கும் புத்தகங்களைச் செய்தருள வேண்டும்! மேடையில் தங்களுக்கென்று அலங்கரித்து வைத்த நாற்காலியைப் பின்னால் தள்ளியாயிற்று. குட்டை முக்காலி முன்னால் கிடக்கிறது. நாங்கள் அனைவரும் கீழே உட்காரப் போகிறோம். முதல் சுற்று கண்ணுக்கு, அம்மா.

இங்ஙனம்,
தங்களோடு பணியாற்றிய பேறு பெற்ற
நிலைய முதல்வர், ஓவியர், தட்டச்சர், ஓட்டுநர்
மற்றும் அனைத்து அலுவலர்கள்;
எல்லோருக்கும் கீழே, பூட்டு.

(கண்ணாடிச் சட்டம் போடக் கொடுப்பதற்கு முன், மடலின் அடியோரத்தில் கதையம்மா பென்சிலால் எழுதியது:)

பூட்டையாவுக்கு. பெற்றுக்கொண்டேன். நாலாம் பக்கத்தில் நான் வரைந்தது கிணறு. விளக்கே இருக்கட்டும், அதுதான் நன்றாக இருக்கிறது. உங்கள்மேல் எனக்குக் கோபம். இரண்டு வாரமாவது இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாக அந்தப் பேருந்து நடத்துநரைச் சந்தேகப்பட்டு முறைத்துக்கொண்டு போயிருக்கிறேன். திங்கள் காலை பத்து மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வாருங்கள்; கொடுத்துவிட்டு, இருவருமாக மன்னிப்புக் கேட்டு வருவோம். சீட்டுகள் எல்லாவற்றையும் படித்தேன். அம்மா வரும்வரை விழித்திருக்கும் படிக்கட்டைத்தான் கடைசிப் பக்கத்தில் வரைகிறேன். இன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். கை நன்றாகத்தான் இருக்கிறது.